அஞ்சுவது கோழைமையா?

மீன்பாடும் தேனாடு என்று மட்டக்களப்பைப் பாடாத கவியரங்கம் இல்லை. வாவி மீன்கள் பாடுகின்றனவோ இல்லையோ, அதன் இரு கரைகளிலும் இரவெல்லாம் உறக்கமின்றி நெஞ்சு பதறிக் கிடக்கும் மனிதர் பலர் உளர். அவர்களை நாம் பாடுவதுமில்லை. அவர்களைப் பற்றிப் பேசுவதுமில்லை.

நம் வகுப்பறையில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுவோம். படுவான்கரையிலிருந்து பாதையேறி வாவியைக் கடந்து வரும் மாணவி ஒருத்தி, எழுத்தில் வல்லவள். எழுந்து வாசிக்கச் சொன்னாலோ கை நடுங்கும், மூச்சு முட்டும், உடல் வியர்க்கும். 'நடிப்பு' என்றார் ஓர் ஆசிரியர். 'வீட்டுச் செல்லம்' என்றார் மற்றொருவர். நாமும் வாளாவிருந்தோம். வீட்டார் நூல் கட்டினர். தண்ணீர் ஓதிக் கொடுத்தனர். உயர்தரப் பரீட்சைக்கு மூன்று மாதமிருக்கையில் அவள் பள்ளிக்கு வருவதை நிறுத்தினாள். பிரம்பை ஓங்கியவர் எவருமிலர். ஆயினும் அவள் கல்வி முறிந்ததில் நம் அனைவருக்கும் பங்குண்டு.

அவளுக்கு நேர்ந்தது யாது? உளமருத்துவர் அதனைப் பதகளிப்பு என்பர். ஆபத்தைக் கண்டதும் இதயம் விரைவதும் தசைகள் இறுகுவதும் உடம்பின் இயல்பான காப்பு. பாம்பைக் கண்டவன் ஓடுவதற்கு அது வேண்டும். பாம்பில்லாத இடத்திலும் அவ்வெச்சரிக்கை ஓயாது எழுந்து வாழ்வைக் குலைக்குமாயின் அது நோய். அஞ்சிய இடத்தைத் தவிர்த்தால் அன்றைக்கு ஆறுதல் கிட்டும். ஆனால் அச்சம் வேரூன்றிவிடும். தைரொயிட் சுரப்பியின் கோளாறும் இதே குறிகளைக் காட்டக்கூடும்; ஆதலின் வைத்தியரின் பரிசோதனை முதலில் வேண்டும்.

இம்மண் அஞ்சுவதற்குக் காரணமற்ற மண்ணன்று. 1978 நவம்பரில் சூறாவளி. 1990இல் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் சத்துருக்கொண்டானிலும் படுகொலை. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை. 2019 ஏப்ரல் 21இல் சீயோன் தேவாலயத்தில் குண்டு. காணாமற்போன பிள்ளையைத் தேடிய தாய்மார் அம்மன் கோயில்களில் தெய்வமேறியோரிடம் குறிகேட்டதை மானிடவியலாளர் பற்றீசியா லோரன்ஸ் எழுதியிருக்கிறார். அதனை மூடநம்பிக்கையென்று எள்ளுதல் எளிது. பேசவே அஞ்சிய காலத்தில் அத்தாயின் துயரைக் கேட்ட செவி அது. நாம் கேட்பது வேறு: கோயிற்கதவு திறந்திருந்தது போல வைத்தியசாலைக் கதவும் அவளுக்குத் திறந்திருக்க வேண்டாமா?

இங்கே நம் முற்போக்கு நண்பர் சிலர் குறுக்கிடுவர். 'சமூகமே நோயுற்றிருக்கத் தனிமனிதனுக்கு மருந்தா? இது நடுத்தர வர்க்கத்தின் சொகுசு நோய். நுண்கடன் ஒழியட்டும்; வேலை கிடைக்கட்டும்; அச்சம் தானே அகலும்' என்பர். நோயின் வேர்களுள் ஒன்று சமூகத்தில் உண்டென்பதில் நமக்கும் ஐயமில்லை. ஆனால், 1934–35இல் இலங்கையை மலேரியா வாட்டியபோது சூரியமல் இயக்கத்தார் 'சுதந்திரம் வரட்டும், காய்ச்சல் தீரும்' என்றா இருந்தனர்? மருந்தும் உணவும் சுமந்து கிராமங்களுக்குச் சென்றனர். அவர்களிற் பலரே 1935இல் லங்கா சமசமாஜக் கட்சியைத் தோற்றுவித்தனர். அல்ஜீரிய விடுதலைக்கு உழைத்த உளமருத்துவர் ஃபனான், 1956இல் பிளிடா வைத்தியசாலைப் பதவியைத் துறந்து தூனிசியா சென்ற பின்னரும் நோயாளரைப் பார்ப்பதை நிறுத்தவில்லை. போராட்டமும் சிகிச்சையும் பகையென்று அவர் எண்ணினாரல்லர். நாம் மட்டும் ஏன் எண்ணவேண்டும்?

சிகிச்சை என்பது மாயமுமன்று, வெறும் ஆறுதல் வார்த்தையுமன்று. அஞ்சும் சூழலைச் சிறு சிறு படிகளாக எதிர்கொள்ளப் பயிற்றும் பேச்சுவழிச் சிகிச்சை உண்டு. தேவையாயின் மருந்தும் உண்டு. அதன் பயன் தெரியச் சில வாரங்கள் செல்லும். வைத்தியரைக் கேளாது தாமே வாங்கி விழுங்கும் தூக்கமாத்திரையோ அடிமையாக்கிவிடும். அரசாங்க வைத்தியசாலையில் இதற்குக் கட்டணமில்லை. தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்னும் இலக்கத்துக்கு அழைத்துப் பேசலாம். தமிழில் நூலில்லையென்ற சாட்டும் செல்லாது. தயா சோமசுந்தரத்தின் 'மனவடு' 1993இலேயே வெளிவந்துவிட்டது.

பின் தடுப்பது எது? 'விசர்' என்ற ஒரு சொல். 'அங்கொடைக்கு அனுப்பு' என்ற ஒரு கேலி. 1873ஆம் ஆண்டுக் காலனித்துவச் சட்டம் உளநோயாளியைப் பித்தனென்று அடைத்துவைக்க வழிசெய்தது. 1956இல் அதற்குத் திருத்தம் வந்தது. 2005இல் மக்களின் அருகிலேயே உளநலச் சேவை என்ற தேசியக் கொள்கையும் வந்தது. நம் நாவு மட்டும் திருந்தவில்லை.

கொள்கை ஏட்டில் உறங்கலாகாது. கட்டணமில்லையாயினும், படுவான்கரைப் பெண்ணொருத்தி நகரத்துக்கு வந்து மீள ஒருநாட் கூலி போய்விடுகிறது. உளநலச் சிகிச்சை வாவியைக் கடந்து அவளிடம் செல்லவேண்டும். பள்ளிதோறும் பயிற்சிபெற்ற உளவளத்துணையாளர் வேண்டும்; பாடச்சுமையால் அழுந்தும் ஆசிரியர் தலையில் அப்பணியையும் ஏற்றிவிட்டுக் கணக்குக் காட்டுதல் போதாது. இவற்றை நம் சங்கங்கள் சம்பளக் கோரிக்கையோடு சேர்த்தே முழங்கவேண்டும்.

அதுவரை நாம் செய்யக்கூடியதும் உண்டு. 'நடிப்பு' என்ற சொல்லை ஆசிரியர் அறையிலிருந்து அகற்றுவோம். பெற்றோரைக் கண்டு பேசுவோம். அவர்கள் தயங்கினால் வைத்தியசாலை வரை உடன்செல்வோம். நமக்கே நெஞ்சு பதறுமாயின் நாமும் நாணாது செல்வோம். அம்மாணவியின் வீட்டுக்கு நாம் பிந்தியே சென்றோம். இனியொரு பிள்ளைக்குப் பிந்தலாகாது.