அக்கரையில் கள்ளத்தோணி, இக்கரையில் சிலோன்காரனா?



கொடும்பாளூர் மூவர் கோயிலைக் கட்டிய வேளிர் குடியிலே பிறந்த சிறியவேளான், சோழனுக்காகக் கடல் கடந்து சென்று ஈழத்திலே பட்டான் என்று கல்வெட்டுக் கூறுகிறது. வாளேந்திச் சென்றவன் பெயர் கல்லிலே நிலைத்தது. கூடை சுமக்கச் சென்றவர் பெயர்?

19ஆம் நூற்றாண்டிலே புதுக்கோட்டைச் சீமையிலிருந்தும், திருச்சி, சேலம், மதுரைப் பக்கங்களிலிருந்தும் பஞ்சம் துரத்த, கங்காணி அழைக்க, மன்னாரிலே கரையிறங்கி மாத்தளை வரை காட்டு வழியே நடந்தனர் நம்மவர். முதலில் காப்பி, பின்னர் தேயிலை. அவர் உழைப்பிலே செழித்த இலங்கை, 1948இல் விடுதலை பெற்ற ஆண்டிலேயே அவரை நாடற்றவராக்கிற்று!

1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கூடிக் கையெழுத்திட்டனர். 9,75,000 பேரிலே 5,25,000 பேர் இந்தியாவுக்கு; 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாக்கிக் கொண்டனர். பங்காளிகள் பாத்திரம் பிரிப்பதுபோல மனிதரைப் பிரித்தனர். ‘எங்கே வாழ விருப்பம்?’ என்று அவரை அழைத்து வைத்துக் கேட்டா ஒப்பந்தம் எழுதினர்?

திரும்பியவரிடம் இன்று கேட்கின்றனர், ‘எந்த நாடு நல்ல நாடு?’ என்று. அங்கே நெருக்கமான லயம், விடியுமுன் பெரட்டு, காலிலே அட்டை. ஆயினும் மாதம் பிறந்தால் சம்பளம், பெண்ணின் கையிலும் கூலி. இங்கே பாட்டன் பிறந்த மண். ஆயினும் வானம் பார்த்த பூமி, முதற் கேள்வியே ‘என்ன சாதி?’ (லயத்திலே சாதி இல்லையென்று நான் புளுகவில்லை.) அங்கே லயமிருந்தது, நாடில்லை, இங்கே நாடிருந்தது, வீடில்லை. 1968இல், அண்ணா முதல்வராயிருந்த நாளிலே, தாயகம் திரும்பியோர்க்கென நீலகிரியிலே அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. கற்ற தொழில் கைகொடுத்தது. அத்தனை பேருக்கும் அங்கே இடமேது?

1983இல் கொழும்பு எரிந்தது. 1984இல் கப்பல் நின்றது. அதன்பின் தோணியேறி வந்தவருள் மலையகத்தாரும் உண்டு. இதே மாவட்டத்திலே லேனாவிளக்கிலும் தோப்புக்கொல்லையிலும் முகாம்கள் இருக்கின்றன. 2021இல் தமிழக அரசு ‘அகதி முகாம்’ என்ற பெயரை அகற்றி ‘மறுவாழ்வு முகாம்’ என்றது. பெயரை மாற்ற மாநிலத்தால் முடியும். குடியுரிமை டில்லியின் பெட்டியிலன்றோ பூட்டிக் கிடக்கிறது! 2019இல் திருத்திய சட்டத்திலே பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் உண்டு, இலங்கை இல்லை.

முகாமிலே வளர்ந்து, நம் பள்ளியிலே படித்த பெண்ணிடம் ‘நீ எந்த நாட்டுக் குடி?’ என்கிறது டில்லி. அவள் பாட்டன் தலையை எண்ணி 1964இல் கையெழுத்திட்டது எந்த நாடு?