கையால் இரண்டு சுற்று

"வீட்ல சார் யாராச்சும் இருந்தா பேசச் சொல்லுங்க மேடம்."

திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு இதைக் கேட்டேன். இப்போது வியாழன் இரவு. எனக்கு இன்னும் ஆறவில்லை.

என் வண்டியை இந்தப் பக்கத்தின் வாசகர்களுக்கு நன்றாகவே தெரியும். ஒரகடத்தில் செய்து வந்த 2013 டஸ்டர், டீசல். அது கொடைக்கானல் மலையேறிய கதையை இரண்டு வாரம் எழுதியிருக்கிறேன். அதன் டைமிங் பெல்ட்டை 2018-ல் ஒருமுறை மாற்றினேன். அதற்கப்புறம் வண்டி ஓடிய தூரம் அதிகமில்லை. ஆனால் பெல்ட் ரப்பர் சாமான். ஓடினால் தேயும், சும்மா நின்றாலும் வயதாகும். கிலோமீட்டர் ஒரு கணக்கு, வருஷம் ஒரு கணக்கு, எது முதலில் வருகிறதோ அதில் மாற்ற வேண்டும். வருஷக் கணக்கு எனக்கு முந்திக்கொண்டது.

பணிமனைக்குப் போய் மூன்று கேள்வி கேட்டேன். பெல்ட்டோடு டென்ஷனரையும் மாற்றுவீர்களா? இந்த என்ஜினில் வாட்டர் பம்பையும் இதே பெல்ட்தான் சுற்றுகிறது, பம்ப் அடுத்த வருஷம் ஒழுகினால் எல்லாவற்றையும் மறுபடி பிரிக்க வேண்டும், அதனால் அதையும் இப்போதே மாற்றிவிடலாமா? கழற்றிய பழைய பெல்ட்டை என்னிடம் தருவீர்களா? அங்கிருந்த பையன் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாவது கேள்வி முடிந்ததும் நிமிர்ந்து, மேலே எழுதிய வாக்கியத்தைச் சொன்னான். என் வீட்டு சாருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. பெல்ட் எந்தப் பக்கம் இருக்கிறது என்றும் தெரியாது. அதில் ஒரு குறையும் இல்லை, அவருக்குத் தெரிந்த பல விஷயங்கள் எனக்குத் தெரியாது. ஆனால் கேட்டவள் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது பதிலை வேறொருவருக்காகப் பத்திரப்படுத்தி வைப்பது என்ன பழக்கம்?

சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். வரும் வழியில் உதிரிபாகக் கடையில் நிறுத்தி பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் வாங்கினேன். நானே மாற்றுகிறேன் என்று முடிவு செய்தாயிற்று. கோபத்தில் எடுத்த முடிவுதான், மறைக்கவில்லை.

புதன் காலைவரை அந்தப் பெட்டி சாப்பாட்டு மேஜைமேல் இருந்தது.

என்னென்ன வேலை என்பது எனக்குத் தெரியும். வலது முன் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். என்ஜினுக்கு அடியில் ஜாக்கி கொடுத்துத் தாங்கி, அந்தப் பக்கத்து மவுண்ட்டை எடுக்க வேண்டும். கிராங்க் புல்லியை இழுக்க வேண்டும். கவர்களை நீக்கினால் பெல்ட் தெரியும். கீழே கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் மேலே கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றும். அந்தக் கணக்கு ஒரு பல் பிசகாமல் நடப்பதற்குத்தான் பெல்ட்டின் உள்பக்கம் பல் வைத்திருக்கிறது. பிஸ்டன் மேலே வரும் நேரத்தில் வால்வு ஒதுங்கியிருக்க வேண்டும். டீசலில் காற்றை அவ்வளவு நெருக்கி அமுக்குவதால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அங்கே மிச்ச இடம் கிடையாது. பெல்ட் அறுந்தாலோ, பல் தாண்டினாலோ பிஸ்டன் வால்வில் மோதும். வால்வு வளையும். அப்புறம் ஹெட்டைக் கழற்றாமல் வேறு வழியில்லை.

இதெல்லாம் தெரிந்திருந்தும் ஸ்பேனரை எடுக்கக் கை வரவில்லை. செவ்வாய் இரவு சாப்பிட்ட தட்டைத் தள்ளிவைத்துவிட்டு புது பெல்ட்டை வெளியே எடுத்தேன். முறுக்கக் கூடாது, மடக்கக் கூடாது. உள்ளே கண்ணாடி நார்க் கயிறு ஓடுகிறது, மடக்கினால் அது உடையும், உடைந்தது வெளியே தெரியாது. இரண்டு கையிலும் ஏந்திப் பிடித்துக்கொண்டு, பற்களின்மேல் விரலை ஓட்டினேன். பல் முகத்தில் துணி ஒட்டியிருக்கிறது, நைலான் துணி. ரப்பர் என்று நினைத்துத் தொட்ட விரலுக்குத் துணி தட்டுப்பட்டதும் எனக்கு அம்மா துணி தைத்த சின்னாளபட்டி வீட்டு முற்றம் நினைவுக்கு வந்துவிட்டது.

பல் வைத்த பெல்ட் காருக்காகப் பிறந்ததில்லை. 1940களில் அமெரிக்காவின் கில்மர் கம்பெனி அதை உருவாக்கியது சிங்கர் தையல் மிஷினுக்காக. மேலே ஊசியும் கீழே பாபினும் ஒன்றையொன்று தவறவிடாமல் ஓட வேண்டுமே, அதற்காக. வரிசை உற்பத்தியில் வந்த கார்களில் இதை முதலில் போட்டது ஜெர்மனியின் டிங்கோல்ஃபிங் ஊரில் செய்த கிளாஸ் 1004, ஆண்டு 1962. விதைக்கும் கருவிகள் செய்துகொண்டிருந்த குடும்பக் கம்பெனி அது. ஆக, என் மேஜைமேல் கிடந்தது தையல் மிஷின் வீட்டிலிருந்து காருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த சாமான்.

அம்மாவின் உஷா மிஷினில் இந்தப் பெல்ட் கிடையாது. அது கறுப்பு நிறக் கால் மிஷின், சக்கரத்துக்கு ஒரு தோல் வார் மட்டும்தான். ஊசிக்கும் ஷட்டிலுக்கும் நடுவிலான கணக்கை உள்ளே இருக்கும் இரும்புத் தண்டுகளே பார்த்துக்கொள்ளும். ஆனால் கணக்கு அதே கணக்கு. ஊசி துணியைத் துளைத்து அடிவரை இறங்கி, மேலே ஏறத் தொடங்கும். ஏறும்போது நூல் துணியில் உரசித் தயங்கும். அந்தத் தயக்கத்தில் ஊசிக்குப் பின்னால் ஒரு சின்னக் கண்ணி விழும். ஊசி சுமார் 2 மில்லிமீட்டர் ஏறியிருக்கும் அந்த நொடியில் ஷட்டிலின் முனை வந்து கண்ணிக்குள் நுழைய வேண்டும். முந்தினால் கண்ணி இல்லை. பிந்தினால் கண்ணி நழுவிவிடும். இரண்டு மில்லிமீட்டர் என்பது ஒரு நெல்மணியின் அகலத்துக்குக் கிட்ட வரும்.

1983 தீபாவளிக்குப் பத்து நாள் இருந்தது. எனக்குப் பதினொரு வயது. வீடெங்கும் துணி. ஊரே நெசவு ஊர், சின்னாளபட்டிச் சேலைக்கு ஏற்ற ஜாக்கெட் என்று அம்மாவிடம்தான் வருவார்கள். காந்திகிராமம் கஸ்தூர்பா ஆஸ்பத்திரி நர்ஸ்களின் வெள்ளை உடுப்பும் ஒரு மூட்டை கிடந்தது. ஆல்டர் பண்ண வந்த ஜாக்கெட் ஒன்றில் பழைய கொக்கியைப் பிரிக்க மறந்துவிட்டார்கள். ஊசி போய் அதன்மேல் இறங்கியது. ஊசி உடைந்தது மட்டுமில்லை. புது ஊசி போட்ட பிறகும் தையல் விட்டு விட்டு விழுந்தது. திண்டுக்கல் மெக்கானிக்குக் கடையிலிருந்து போன் போட்டால், தீபாவளி கழித்து வருகிறேன் என்றார்.

அம்மா அன்றிரவு எங்களுக்குச் சோறு போட்டுவிட்டு மிஷினைப் பிரித்தார்.

நான் டார்ச் பிடித்தேன். முதலில் எல்லார் துணியையும் எடுத்து உள் அறையில் வைத்துக் கதவைச் சாத்தச் சொன்னார். காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் மிஷினின் இடது முகத்தை வரைந்தார், ஸ்க்ரூ இருந்த இடத்திலெல்லாம் ஒரு புள்ளி. கழற்றிய ஸ்க்ரூவை டிபன் பாக்ஸ் மூடியில் அதே வரிசையில் வைத்தார். ஊசிக் கம்பியைத் தொடுவதற்கு முன்னால், அது இப்போது நிற்கும் இடத்தில் தையல் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டார். தப்பான இடத்துக்கு எதற்கு அடையாளம் என்று கேட்டேன். "இருந்த எடம் தெரிஞ்சாத்தானே எவ்வளவு நகட்டுனோம்னு தெரியும்" என்றார்.

ஊசி பிடித்திருக்கும் கம்பி, கொக்கியில் பட்ட வேகத்தில் பிடியை விட்டு மேலே ஏறியிருந்தது. ஸ்க்ரூவைத் தளர்த்தி இறக்குவார். தட்டைக் கழற்றிய ஓட்டை வழியாகக் குனிந்து பார்த்துக்கொண்டே சக்கரத்தைக் கையால் மெதுவாகத் தன் பக்கம் சுற்றுவார். ஷட்டில் முனை ஊசியைக் கடக்கும் இடத்தைப் பார்ப்பார். மறுபடி தளர்த்துவார். எத்தனை முறை என்று நான் எண்ணவில்லை. டார்ச் பேட்டரி மங்கி, அரிக்கேன் விளக்கைக் கொண்டுவந்து வைத்தோம். ஒரு மணிக்கு ஸ்க்ரூவை இறுக்கினார். இறுக்கியதும் காலால் மிதிக்கவில்லை. நூல் கோக்காமல், துணி வைக்காமல், கண்ணை மூடிக்கொண்டு சக்கரத்தைக் கையால் சுற்றினார். பத்துச் சுற்று இருக்கும். எங்கேயாவது தட்டுகிறதா, இடிக்கிறதா என்று கை கேட்டுக்கொண்டிருந்தது. பிறகுதான் நூல். பிறகு அப்பாவின் கிழிந்த வேட்டியில் ஒரு நீளத் தையல். அது சரியாக விழுந்தும் யார் துணியையும் அன்றிரவு எடுக்கவில்லை. காலையில் முதலில் தைத்தது என் பாவாடை.

காந்திகிராமம் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். 1924-ல் டெல்லியில் காந்தியிடம் ஓர் இளைஞர், எல்லா இயந்திரத்துக்கும் நீங்கள் விரோதியா என்று கேட்கிறார். இல்லை என்று சொல்லும் காந்தி, விதிவிலக்குக்குச் சிங்கர் தையல் மிஷினைக் காட்டுகிறார். மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்த்து, அவள்மேல் வைத்த அன்பினால் சிங்கர் செய்தது என்கிறார். 'இந்திய சுயராஜ்ய'த்தின் முன்னுரையிலேயே இந்த உரையாடல் இருக்கிறது. கேள்வி கேட்ட இளைஞர் ஜி. ராமச்சந்திரன். பின்னாளில் டாக்டர் சௌந்தரம் அம்மாவோடு சேர்ந்து 1947-ல் எங்கள் ஊர் எல்லையில் காந்திகிராமத்தைத் தொடங்கியவர். அந்தப் பக்கங்களை நான் எத்தனை முறை படித்திருப்பேன் என்று தெரியாது. ஆனாலும் இந்த ஒரு இடத்தில் காந்தியோடு எனக்கு வழக்கு உண்டு. ஐசக் சிங்கர் 1850-ல் பாஸ்டனில் ஒரு பட்டறைக்கு வந்தவர். அங்கே அடிக்கடி பழுதாகித் திரும்பி வந்துகொண்டிருந்த வேறொருவரின் தையல் மிஷினைப் பார்த்து, இதை எப்படிச் சரியாக்குவது என்று யோசித்ததில் பிறந்ததுதான் அவர் மிஷின். அன்பில் பிறந்தது என்பதைவிட ரிப்பேரில் பிறந்தது என்பதுதான் எனக்கு அதிக மதிப்பாகப் படுகிறது. அன்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. பழுதான ஒன்றின்முன் உட்கார்ந்து அது ஏன் ஓடவில்லை என்று பொறுமையாகப் பார்ப்பதும் அன்பின் ஒரு வேலை.

அதனால்தான் இந்தப் பக்கத்தில் ரிப்பேரைப் பற்றியே திரும்பத் திரும்பப் புலம்புகிறேன். உங்களில் சிலர் சலித்துக்கொள்கிறீர்கள். மிக்சி பற்றி எழுதியபோதும் இதையே சொன்னேன், தண்ணீர் மோட்டார் பற்றி எழுதியபோதும் சொன்னேன். மறுபடி சொல்கிறேன். அம்மாவின் மிஷினோடு வந்த சிறு புத்தகத்தில், எங்கெங்கே ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும் என்று அம்புக்குறி போட்ட படம் இருந்தது. வாங்கியவள் திறந்து பார்ப்பாள் என்று எதிர்பார்த்து எழுதிய புத்தகம் அது. இன்று எந்தப் பொருளின் புத்தகத்தைத் திறந்தாலும் பாதி எச்சரிக்கை, மீதி தொலைபேசி எண். திறக்கும் ஸ்க்ரூவின் தலைகூடச் சாதாரண ஸ்க்ரூ டிரைவருக்கு அகப்படாத வடிவத்தில் இருக்கிறது. நம் அரசு சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் ஏழைப் பெண்களுக்கு இலவசத் தையல் மிஷின் கொடுக்கிறது. நல்ல திட்டம், மனதாரச் சொல்கிறேன். அந்த மிஷினோடு ஒரு ஸ்க்ரூ டிரைவரும், ஊசிக் கம்பியை எப்படிச் சரிபார்ப்பது என்று ஒரு நாள் பயிற்சியும் கொடுத்தால் அது இன்னும் பத்து வருஷம் ஓடும்.

அம்மா எல்லாவற்றையும் தானே பிரித்துவிடவில்லை. அடுத்த வருஷம் அதே மிஷினில் பலகைக்கு அடியில் ஷட்டிலை ஆட்டும் தண்டு தளர்ந்து ஆட்டம் கொடுத்தது. அம்மா கவிழ்த்துப் பார்த்தார். அரை மணி நேரம் பார்த்தார். பிறகு மிஷின் தலையைப் பலகையிலிருந்து கழற்றி, பழைய சேலையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு திண்டுக்கல் பஸ் ஏறினார். மெக்கானிக் பக்கத்தில் முக்காலி போட்டுப் பகல் முழுக்க உட்கார்ந்திருந்தார். நானும் போயிருந்தேன். போன வருஷம் நீங்களே பண்ணீங்களே என்று பஸ்ஸில் கேட்டேன். "அது தப்பாப் போனா ஊசி ஒடையும். இது தப்பாப் போனா மிஷினே போயிரும்டி" என்றார்.

புதன்கிழமை காலை பெல்ட், டென்ஷனர், பம்ப் மூன்றையும் வண்டியில் எடுத்துப்போட்டுக்கொண்டு, அரசரடிப் பக்கம் ஒரு தகரக் கொட்டகை மெக்கானிக்கிடம் போனேன். கிராங்க்கையும் கேம் புல்லியையும் அசையாமல் பிடிக்கும் இரண்டு பின்களும் அவரிடம் இருந்தன. என்னிடம் அவை இல்லை. இருந்திருந்தாலும் போயிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். பக்கத்தில் நிற்கலாமா என்று கேட்டேன். எண்ணெய்த் துணியால் ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

கவரைத் திறந்ததும், தொடுவதற்கு முன்னால் வெள்ளைப் பெயின்ட் பேனாவால் புல்லியிலும் பழைய பெல்ட்டிலும் கோடு போட்டார். பின் இருக்கும்போது கோடு எதற்கு என்று நான் கேட்கவில்லை. புதுப் பெல்ட் ஏறியது. டென்ஷனரை வைத்தார். பின்களை எடுத்துவிட்டு, கிராங்க் போல்ட்டில் நீளக் கைப்பிடியைப் பொருத்தி என்னைப் பார்த்தார்.

"ரெண்டு சுத்து, மெதுவா. நீங்களே சுத்துங்கக்கா. நின்னுச்சுன்னா அழுத்தக் கூடாது."

சுற்றினேன். கையில் கனம் ஏறும், ஏறி ஏறி ஓர் இடத்தில் தானாக இளகி இறங்கும். அது சிலிண்டரில் அடைபட்ட காற்று. இரும்பு இரும்பில் முட்டினால் அப்படி இளகாது, கல்லாக நிற்கும் என்றார். அந்தக் கல் வந்துவிடுமோ என்று ஒவ்வொரு ஏற்றத்திலும் காத்திருந்தேன். வரவில்லை. இரண்டு சுற்று முடிந்ததும் மறுபடி பின்களைப் போட்டார். இரண்டும் தடையில்லாமல் உள்ளே போயின.

இன்று மதியம் அந்த வண்டியிலேயே சின்னாளபட்டி போய்வந்தேன். அம்மாவுக்கு இப்போது எண்பத்தொன்று. பழைய பெல்ட்டை மடியில் போட்டேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, பல் முகத்தில் நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"துணி ஒட்டியிருக்கே" என்றார். பிறகு, "நீயா மாத்துனே?"

"இல்லம்மா. பக்கத்துல இருந்தேன்."

"ஓட்டுறதுக்கு முன்னாடி கையால சுத்திப் பாத்தீங்களா?"

"ரெண்டு சுத்து. நான்தான் சுத்துனேன்."

பெல்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, காப்பி போடவா என்று கேட்டுக்கொண்டே எழுந்தார்.