கம்ப்யூட்டரில் ஒரு வீட்டுப் பதிவேடு

ஓய்வு பெற்றவர்கள் நான்கு பேர் சேர்ந்தால், சர்க்கரை, ரத்த அழுத்தம் பேசி முடித்த கையோடு கம்ப்யூட்டர் பேச்சு வந்துவிடுகிறது. முகவரி, போன் நம்பர், எல்.ஐ.சி. தவணை, பேரப்பிள்ளைகளின் பிறந்தநாள், டாக்டர் சொன்னது என எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்துக்கொள்ள எந்த சாஃப்ட்வேர் நல்லது என்று என்னிடமும் சிலர் கேட்டிருக்கிறார்கள். பெயரைப் பிறகு சொல்கிறேன். எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. உள்ளே போட்டதை வெளியே எடுக்க முடியாத சாஃப்ட்வேர் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

வருவாய்த் துறையில் காலம் தள்ளியவன் நான். எனக்கு இதெல்லாம் கிராமக் கணக்காகவே தெரிகிறது. ஒரே நிலத்தைத்தான் மூன்று விதமாக எழுதி வைக்கிறோம். அ-பதிவேட்டில் சர்வே எண் வாரியாக, சிட்டாவில் பட்டாதாரர் வாரியாக, அடங்கலில் அந்தப் பசலியில் என்ன பயிர் என்று. கம்ப்யூட்டரில் சொல்கிற குறிப்பு, முகவரிப் புத்தகம், காலண்டர் மூன்றும் இதே சங்கதிதான்: பொருள் வாரி, ஆள் வாரி, தேதி வாரி. இந்த மூன்றும் இருந்தால் நம் போன்றவர்களுக்குப் போதும். மீதி வசதிகள் எல்லாம் கம்பெனி மேனேஜர்களுக்கு.

சாஃப்ட்வேருக்கும் ஆயுள் உண்டு. லோட்டஸ் ஆர்கனைசர் என்று ஒன்று இருந்தது. திரையில் அசல் டைரி மாதிரியே பக்கம் புரளும். ஐ.பி.எம். கைக்குப் போய், 2013-இல் விற்பனையே நின்றுவிட்டது. விண்டோஸோடு இலவசமாக வந்த மெயில், காலண்டர் செயலிகளுக்கு 2024 டிசம்பர் 31-உடன் மைக்ரோசாஃப்ட் முடிவு கட்டியது. எவர்நோட் பலரும் புகழ்ந்த ஒன்று. 2023 டிசம்பரிலிருந்து காசு கட்டாதவர்களுக்கு 50 குறிப்பு, ஒரே ஒரு நோட்டு என்று சுருக்கிவிட்டார்கள். இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை, அவரவர் வியாபாரம். ஆனால் என் அப்பா இறந்த தேதியும் என் வீட்டுப் பத்திர எண்ணும் அவர்கள் வியாபாரத்தை நம்பி இருக்கக் கூடாது.

அதனால் முதல் நாளே பத்துப் பதிவு மட்டும் போட்டு, "எக்ஸ்போர்ட்" செய்து பாருங்கள். முகவரி விசிஎஃப் அல்லது சிஎஸ்வி கோப்பாகவும், காலண்டர் ஐசிஎஸ் கோப்பாகவும் வெளியே வரவேண்டும். இவை எந்தக் கம்பெனிக்கும் தனிச் சொத்தல்லாத பொது வடிவங்கள். அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்தால் தமிழ் தமிழாகவே தெரிகிறதா என்றும் பார்க்க வேண்டும். யூனிகோடு பரவுவதற்கு முன்னால் ஆளுக்கொரு எழுத்துருவில் அடித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் வெறும் ஆங்கிலக் கிறுக்கல்தான். தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றதே 2010-இல்தான்.

தமிழுக்கென்று இன்னும் சில சோதனைகள் உண்டு. பவானி, பழனி என்று இரண்டு பெயர் போட்டு வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். நம் நெடுங்கணக்கில் வகரத்துக்குப் பிறகுதான் ழகரம், எனவே பவானி முதலில் வரவேண்டும். சில சாஃப்ட்வேர்கள் யூனிகோடு எண்ணை மட்டும் பார்த்துப் பழனியை முன்னால் வைத்துவிடும். தேடும்போது "ஓய்வூதியம்" என்று முழுச்சொல்லைக் கொடுத்தால் "ஓய்வூதியத்தை" என்று எழுதியது அகப்படாது. "ஓய்வூதிய" என்று வெட்டிக் கொடுத்தால் இரண்டும் வரும். பெயருக்கு இரண்டு கட்டம் வைத்திருப்பார்கள், முதற்பெயர், குடும்பப்பெயர் என்று. நமக்கு ஏது குடும்பப்பெயர்? முதல் கட்டத்தில் பெயர், இரண்டாவதில் இனிஷியல் என்று எல்லோருக்கும் ஒரே மாதிரி போட்டுவிட்டால் தொல்லை இல்லை.

முகவரியில் மாவட்டத்துக்குத் தனிக் கட்டம் இருக்கிறதா என்றும் பாருங்கள். மணலூர்பேட்டையில் ஒரே வீட்டில் குடியிருந்தவர் 1993 வரை தென்னாற்காடு, பிறகு விழுப்புரம், 2019 நவம்பரிலிருந்து கள்ளக்குறிச்சி. எல்லாவற்றையும் ஒரே வரியில் திணித்து வைத்திருந்தால் ஒவ்வொன்றாகத் திறந்து திருத்த வேண்டியதுதான்.

காலண்டரில் ஒன்று மட்டும் எதிலும் எனக்குத் திருப்தியாக அமையவில்லை. தை ஐந்தாம் நாள் அண்ணாமலையார் நம்மூர்த் தென்பெண்ணைக்குத் தீர்த்தவாரிக்கு வருகிறார். அது ஜனவரி 18-ஆ 19-ஆ என்பது வருஷத்துக்கு வருஷம் மாறும். "ஆண்டுதோறும்" என்று போட்டால் கம்ப்யூட்டர் அதே தேதியில் பிடிவாதமாக நிற்கும். பெற்றோர் திதி அதைவிட மோசம். பஞ்சாங்கத்தைப் பார்த்து ஆண்டுக்கு ஒருமுறை கையால் ஏற்றுகிறேன். அரை மணி நேர வேலை.

நான் பயன்படுத்துவது தண்டர்பேர்ட். மொசில்லா குடும்பத்தது, இலவசம், முகவரியும் காலண்டரும் அதற்குள்ளேயே இருக்கின்றன. விண்டோஸிலும் ஓடும், லினக்ஸிலும் ஓடும். வைப்பு நிதி, பாலிசி, பத்திரம், மருந்து இவற்றுக்கு லிப்ரே ஆபீஸ் கால்க்கில் ஒரே ஒரு அட்டவணை. அவுட்லுக் பழகியவர்கள் அதிலேயே இருக்கலாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிஎஸ்வி எடுத்து வைத்துக்கொண்டால் சரி. செல்போனிலும் தெரிய வேண்டும் என்பவர்களுக்கு நம் தமிழ்நாட்டுக்காரர்களான ஸோஹோவின் நோட்புக் உண்டு. அங்கும் எக்ஸ்போர்ட் சோதனையைச் செய்துவிட்டே நுழையுங்கள்.

இவ்வளவு வலியுறுத்த ஒரு காரணம் இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒருவர், கணக்கு வழக்கில் படு சுத்தமானவர், திடீரென்று காலமானார். எல்லாமே கம்ப்யூட்டரில் இருந்தது, பாஸ்வேர்டு அவரோடு போய்விட்டது. குடும்ப ஓய்வூதியத்துக்கு பி.பி.ஓ. எண் தேடி அந்த அம்மாள் பழைய பாஸ்புக்குகளைத் தரையில் பரப்பி உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். எந்த வங்கியில் வைப்பு நிதி இருக்கிறது என்றே அவருக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு எந்த சாஃப்ட்வேரைப் பார்த்தாலும் எனக்கு முதலில் தோன்றும் கேள்வி, இதை என் மனைவி தனியாகத் திறந்து படிப்பாளா என்பதுதான். அவளை உட்கார வைத்தே சோதித்தேன். "எல்.ஐ.சி." என்று அடித்துத் தேடினாள், கிடைத்தது. அதில்தான் தண்டர்பேர்டும் கால்க்கும் தேறின.

காகித நோட்டே போதுமே என்பவர்களுக்கு 2024 டிசம்பரை நினைவூட்டுகிறேன். ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டார்கள். ஆற்றங்கரை வீடுகளில் தண்ணீர் புகுந்தால் நோட்டும் போகும், கம்ப்யூட்டரும் போகும். அதனால் ஒரு பென் டிரைவ் நகல் வெளியூரில் மகளிடம், அச்செடுத்த அட்டவணை ஒன்று பிளாஸ்டிக் உறையில் பீரோவின் மேல்தட்டில். பாஸ்வேர்டு எழுதிய சீட்டும் அந்த உறையிலேயே. திருடன் வந்தால் என்று கேட்பார்கள், எங்கள் வீட்டுத் திருடனுக்கு என் மருந்துப் பட்டியல் எதற்கு? வங்கிப் பாஸ்வேர்டை மட்டும் அதில் எழுதவில்லை.

ஜூலை முதல் தேதி பசலி பிறக்கிறதல்லவா, அன்றைக்கு நானும் மனைவியும் உட்கார்ந்து வீட்டு ஜமாபந்தி நடத்துகிறோம். முதிர்ந்த பாலிசியை அடிக்கிறோம், காலமானவர்கள் பெயருக்கு நேரே தேதி போடுகிறோம், மாறிய நம்பர்களைத் திருத்திப் புதிதாக அச்செடுக்கிறோம். போன தடவை மொத்தம் மூன்று பக்கம் வந்தது.