பத்து வருஷமும் ஒரு போகமும்

"இயற்கை விவசாயம் நல்லதுன்னா, ஒரே நாள்ல உரத்தை நிறுத்திட வேண்டியதுதானே அக்கா?" என்று கேட்டாள் மாடி வீட்டுப் பெண். கைக்குழந்தைக்காரி. கீரையைக் கையில் எடுத்தாலே அவளுக்குப் பூச்சிமருந்துக் கவலை. நியாயமான கவலைதான். ஆனால் அப்படி ஒரே நாளில் நிறுத்தினவர்கள் பட்ட பாட்டையும் கேளுங்கள் சகோதரிகளே!

இலங்கையில் 2019 தேர்தலின்போது, பத்து வருஷத்தில் நாட்டு விவசாயத்தையே இயற்கை முறைக்கு மாற்றுவதாகச் சொன்னார்கள். பத்து வருஷம் என்றால் சரிதான். ஆனால் 2021 மே மாதம் திடுதிப்பென்று ரசாயன உர இறக்குமதிக்கே தடை போட்டுவிட்டார்கள். அந்நியச் செலாவணித் தட்டுப்பாடும் அதற்கு ஒரு காரணம். நாடு முழுவதற்கும் தொழுவுரத்துக்கு எங்கே போவது? குப்பை மக்கி எருவாகவே மாதக் கணக்கில் ஆகுமே! நவம்பரில் தடையை விலக்கினார்கள். அதற்குள் பெரும்போக விதைப்பு தொடங்கியாயிற்று. 2022-ல் நெல் விளைச்சல் முந்தின வருஷத்தைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அரிசியை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியதாயிற்று. அரிசி விலை ஏறினால் முதலில் தன் தட்டில் குறைத்துக்கொள்கிறவள் யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

நம் நாட்டு சிக்கிம் வேறு மாதிரி. 2003-ல் சட்டசபையில் முடிவெடுத்தார்கள். உர மானியத்தைப் படிப்படியாகக் குறைத்தார்கள். விவசாயிகளுக்கு மண்புழு உரம் தயாரிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். சுமார் 75,000 ஹெக்டேர் நிலத்தை மாற்றி, முழு இயற்கை மாநிலம் என்று அறிவிக்க 2016 ஜனவரி ஆகிவிட்டது. பதின்மூன்று வருஷம்! அதுவும் ஏலக்காயும் இஞ்சியும் விளைகிற மலைப் பூமி; முன்பும் அங்கே உரம் போட்டது கொஞ்சம்தான். அரிசி பெரும்பாலும் வெளியிலிருந்துதான் வருகிறது. தஞ்சாவூர் நெல் வயலுக்கு அதே கணக்கைப் போட முடியாது.

ஐரோப்பிய யூனியன்கூட 2030-க்குள் விளைநிலத்தில் 25 சதவீதம் என்றுதான் 2020-ல் இலக்கு வைத்தது. அப்போது அவர்களிடம் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

விவசாயிக்குக் கஷ்டமான காலம் ஆரம்பத்தில்தான். நெல், காய்கறி மாதிரிப் பயிருக்குச் சான்றிதழ் கிடைக்கப் பொதுவாக இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டும். விளைச்சல் குறையலாம், 'இயற்கை' என்று கூடுதல் விலைக்கு விற்கவும் முடியாது. உங்கள் ஊர்ச் சந்தையில் அப்படி மாறிக்கொண்டிருக்கிறவர் இருந்தால், எல்லாவற்றையும் அவரிடமே வாங்க வேண்டாம், நம் பட்ஜெட் தாங்காது. வாரம் நாலு கட்டுக் கீரை வாங்குங்கள், விடாமல் வாங்குங்கள். அவருக்கு அது பெரிய தெம்பு.

பாக்கெட் சாமானில் 'இயற்கை' என்ற எழுத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். அரசு அங்கீகரித்த இயற்கைச் சான்று முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று, இயற்கைக் கீரையானாலும் எரு போட்ட மண்ணில் வளர்ந்ததுதானே? குழந்தைக்கு மசிக்குமுன் இரண்டு மூன்று தண்ணீரில் அலசிவிட்டு, நன்றாக வேகவையுங்கள்.