உயிரோடு திரும்பியவளின் பக்கத்தில்

1997 மே 17ஆம் திகதி இரவு, அம்பாறை மாவட்டத்தின் சென்ட்ரல் கேம்ப் பதினோராம் கொலனியில் ஒரு தாய் பாலியல் வல்லுறவுக்கு உட்படுத்தப்பட்டார். பின்னர் அவரது உடலில் கைக்குண்டை வெடிக்க வைத்துக் கொன்றார்கள். குற்றம் சுமத்தப்பட்டவர்கள் பொலிஸார். தடயம் எதுவும் எஞ்சக்கூடாது என்பதற்கே அந்தக் குண்டு. அவரது பெயர் சர்வதேச மன்னிப்புச் சபையின் பதிவுகளில் ஏறியது. தமிழில் ஒரு கவிதையின் தலைப்பானது. 2015 மே மாதம் புங்குடுதீவில் ஒரு பாடசாலை மாணவி அதே கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டபோது வடக்கு முழுவதும் கடைகள் மூடப்பட்டன, மாணவர் வீதிக்கு வந்தனர். 2017 செப்டெம்பர் 27ஆம் திகதி ட்ரயல் அட் பார் நீதிமன்றம் ஏழு பேருக்கு மரண தண்டனை விதித்தது.

இறந்தவர்களுக்காக எழுந்து நிற்க நமக்குத் தெரியும். உயிரோடு திரும்பி வருபவளுக்காக எழுந்து நிற்க நாம் இன்னும் பழகவில்லை. இறந்தவளால் ஊருக்குச் சங்கடம் இல்லை. வழக்குக்குப் போவதா விடுவதா என்று அவள் கேட்பதில்லை. அவளுக்கு மாப்பிள்ளை தேட வேண்டியதில்லை. குற்றம் செய்தவனின் வீட்டார் இருக்கும் அதே வீதியால் நாளைக் காலை அவள் பாடசாலைக்குப் போக வேண்டியதில்லை. உயிரோடிருப்பவளுக்கு இவையெல்லாம் உண்டு. அவள் ஒவ்வொரு நாளும் நம் கண்முன் நடமாடுகிறாள். அதனால்தான் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் நிந்தவூரிலும் அக்கரைப்பற்றிலும் அவளுக்குக் கிடைக்கும் முதல் ஆலோசனை ஒன்றாகவே இருக்கிறது: "வெளியில சொல்லாத."

இலங்கை தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் நடத்திய பெண்கள் நலன் பற்றிய நாடளாவிய ஆய்வு, பதினைந்து வயதுக்குப் பின்னர் உடல் ரீதியான அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்த பெண்கள் 24.9 வீதம் என்கிறது. நால்வரில் ஒருவர். துணைவரால் பாலியல் வன்முறைக்கு உள்ளானவர்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேர் எந்த நிறுவனத்தின் உதவியையும் நாடவில்லை. வெட்கம், தம்மையே குற்றம் சொல்வார்கள் என்ற பயம், நம்பமாட்டார்கள் என்ற பயம், இது வழமையானதுதானே என்ற எண்ணம் ஆகியவையே அவர்கள் சொன்ன காரணங்கள். இந்தக் காரணங்களில் ஒன்றுகூடக் குற்றவாளியிடமிருந்து வந்ததில்லை. எல்லாம் சுற்றியிருப்பவர்களிடமிருந்து, அதாவது நம்மிடமிருந்து வந்தவை.

நம் ஊர்களில் நடப்பதை நாம் மூடி மறைக்கப்போவதில்லை. விடயம் வெளியே கசிந்தால் இரு வீட்டாரையும் பெரியவர்கள் கூப்பிடுவார்கள். சில வேளை பள்ளிவாசல் நிர்வாகத்தினர் இருப்பார்கள், சில வேளை அரசியல்வாதியின் ஆட்கள் இருப்பார்கள். ஒரு தொகைப் பணம் பேசப்படும். இல்லாவிட்டால் கல்யாணம் பேசப்படும். "குமர்ப் பிள்ளையின் மானம்" என்ற சொல் பலமுறை வரும். அந்தப் பிள்ளை மட்டும் அங்கே இருக்கமாட்டாள். இதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் சமாதானம்.

சட்டம் இதை ஏற்கவில்லை. பாலியல் வல்லுறவு, இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளக்கூடிய குற்றம் அன்று. இணக்கசபைக்கும் அதில் கைவைக்க அதிகாரம் இல்லை. முறைப்பாடு செய்யவிடாது பாதிக்கப்பட்டவரை அச்சுறுத்துவதே தனிக் குற்றமென 2015ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் சொன்னது. அதற்குப் பதிலாக வந்த 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டமும் பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் காப்பதற்கே இயற்றப்பட்டது. ஆகவே, அந்த அறையில் இருந்துகொண்டு ஒரு பெண்ணின் வாயை அடைக்கும் பெரியவர் ஊரின் மானத்தைக் காப்பாற்றவில்லை. அவர் குற்றத்தில் பங்கெடுக்கிறார். அவர் எந்தப் பதவியில் இருந்தாலும், எத்தனை ஹஜ் செய்திருந்தாலும் இதுதான் நமது தீர்ப்பு.

குற்றம் செய்தவனுக்கே அவளைக் கட்டிவைப்பது இதைவிடக் கொடியது. 1995இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டபோது, பதினாறு வயதுக்கு உட்பட்ட சிறுமியின் சம்மதம் சம்மதமே ஆகாது என்று வகுக்கப்பட்டது. ஆனால் பன்னிரண்டு வயதைத் தாண்டிய மனைவிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்ற விதிவிலக்கும் அங்கேயே எழுதப்பட்டது. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் திருமணத்துக்குக் குறைந்தபட்ச வயது எதையும் வகுக்கவில்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தால் விளங்குவது என்ன? ஒரு பிள்ளைக்கு அநியாயம் செய்தவன் அவளைக் கட்டிக்கொண்டால், அதன் பின் அவன் செய்வதைச் சட்டம் குற்றம் என்று அழைக்காது. 2009இல் அமைக்கப்பட்ட நீதியரசர் சலீம் மர்சூப் குழு அறிக்கை கையளிக்க 2018 வரை எடுத்தது. 2021இல் அமைச்சரவை வயதைப் பதினெட்டாக்கத் தீர்மானித்தது, அது சட்டமாகவில்லை. இத்தனை ஆண்டுகளாகத் திருத்தம் கேட்டு நின்ற முஸ்லிம் பெண்களை மார்க்க விரோதிகள் என்றோம். அவர்கள் கேட்டது இந்தப் பிள்ளைகளுக்காகத்தான்.

மார்க்கத்தின் பெயரால் பேசுவோருக்கு மார்க்கத்திலிருந்தே ஒரு வார்த்தை. "நாலு சாட்சி எங்கே?" என்று பாதிக்கப்பட்டவளிடம் கேட்பவர்கள், அந்நூர் அத்தியாயத்தின் அந்த வசனம் எவரை நோக்கி இறங்கியது என்று பார்க்கட்டும். ஒழுக்கமுள்ள பெண்கள் மீது பழி சுமத்திவிட்டு நான்கு சாட்சிகளைக் கொண்டுவராதவர்களுக்கே அது எண்பது கசையடி விதிக்கிறது. பெண்ணை ஊர் வாயிலிருந்து காக்க வந்த வசனத்தை அவள் வாயை மூடப் பயன்படுத்துகிறோம். தொழுகைக்குப் புறப்பட்ட வழியில் ஒருவனால் பலவந்தப்படுத்தப்பட்ட ஒரு பெண் நபி (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்ட சம்பவம் அபூதாவூதிலும் திர்மிதியிலும் இருக்கிறது. ஏன் தனியாகப் போனாய் என்று அந்தப் பெண்ணிடம் கேட்கப்படவில்லை. எந்தத் தண்டனையுமின்றி அவர் வீட்டுக்கு அனுப்பிவைக்கப்பட்டார். எத்தனை ஜும்ஆக்களில் இந்தச் செய்தியைக் கதீப்மார் நமக்குச் சொல்லியிருக்கிறார்கள்?

அதே அத்தியாயம் பேசும் இன்னொரு துயரம் அன்னை ஆயிஷா (ரலி) மீது சுமத்தப்பட்ட அவதூறு. ஊர் ஒரு மாத காலம் பேசியது. அதை அறிந்ததும் அவர்கள் போய் இருந்தது தம் தாய் வீட்டில்.

தாய் வீட்டின் அருமையை இந்தக் கரையோரத்துக்கு எவரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. நம் ஊர்களில் மகள் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் அவள் வீட்டுக்கு வருகிறார். ஒரே வளவுக்குள், அடுத்தடுத்த வேலிகளுக்குள் உம்மாவும் ராத்தாவும் சாச்சியும் வாழ்கிறார்கள். குடிவழி தாய் வழியாகவே வருகிறது. நள்ளிரவில் ஒரு பெண் அழுதால் கேட்கும் தூரத்தில் அவள் இரத்த உறவுப் பெண்கள் இருக்கிறார்கள். உலகின் வேறு பல இடங்களில் பெண்கள் இதற்காகச் சங்கம் அமைத்து, கட்டடம் கட்டி, நிதி திரட்ட வேண்டியிருக்கிறது. நமக்கு அது வளவாகவே அமைந்திருக்கிறது. ஆயினும் அந்த வளவே பல வேளைகளில் அவளை அமுக்குகிறது. தங்கச்சிக்குச் சம்பந்தம் வராது, வாப்பா வெளிநாட்டில் இருக்கிறார், மாமி அறிந்தால் முடிந்தது என்கிறார்கள். இந்தப் பயத்தை நாம் அற்பமாக எண்ணவில்லை. அதைச் சுமப்பவள் உம்மா. பெண் பிள்ளையின் வீடு கட்டவே உழைத்துத் தேய்ந்தவள் அவள். எனினும் அந்த உம்மாவிடம் நாம் பணிவோடு சொல்கிறோம்: உங்கள் மகள் உங்களிடம் எதிர்பார்ப்பது தீர்வு அன்று. "நீ பொய் சொல்லல்ல, பிழை உன்னில இல்ல" என்ற ஒரு வசனம்தான். அதை அன்றிரவே சொல்லிவிடுங்கள்.

அடுத்து நேரம் முக்கியம். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை எழுபத்திரண்டு மணித்தியாலங்களுக்குள் தொடங்க வேண்டும். கருத்தரிப்பைத் தடுக்கும் அவசர மாத்திரையும் எவ்வளவு முந்துகிறதோ அவ்வளவு நல்லது. இந்நாட்டில் வல்லுறவால் உண்டான கருவைக் கலைக்கக்கூடச் சட்டம் அனுமதிப்பதில்லை என்பதால் அந்த மாத்திரையின் பெறுமதி இன்னும் கூடுகிறது. சட்ட வைத்திய அதிகாரி பரிசோதிக்கும் வரை குளிக்காமல், உடுத்திருந்ததைக் கழுவாமல் இருந்தால் சாட்சியம் நிற்கும். முதலில் பொலிஸ் நிலையத்துக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. நேரே வைத்தியசாலைக்குப் போகலாம். அரச வைத்தியசாலைகளில் சுகாதார அமைச்சு நடத்தும் மித்துரு பியச, தமிழில் நட்பு நிலையம், இதற்கென்றே இருக்கிறது. பெண்களுக்கு 1938, சிறுவர்களுக்கு 1929 என்ற தொலைபேசி இலக்கங்கள் உள்ளன. பிரதேச செயலகங்களில் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரும் உளவளத்துணை உத்தியோகத்தரும் இருக்கிறார்கள்.

இருந்தும் பெண்கள் வரத் தயங்குவது ஏன்? அந்த உத்தியோகத்தர் அவள் மாமியின் அயல்வீட்டுக்காரராக இருக்கக்கூடும் என்பதால். சிறிய ஊரில் இரகசியம் காப்பது பெரிய ஊரைவிடப் பத்து மடங்கு கடினம். ஆகவே பத்து மடங்கு கண்டிப்பும் வேண்டும். நட்பு நிலையத்துக்கு வந்தவள் யாரென்று வெளியே சொன்ன ஊழியர் அந்தப் பணியில் தொடரக்கூடாது. இதில் சமரசத்துக்கு இடமில்லை. கல்முனையில் ஒன்றல்ல, இரண்டு வைத்தியசாலைகள். முஸ்லிம்களுக்கு ஒரு செயலகம், தமிழருக்கு ஒன்று என்று பல ஆண்டுகளாக எல்லை பிரித்துச் சண்டையிட்டு வருகிறோம். தன்னை அறிந்த முகம் குறைவாக இருக்கும் இடத்தைத் தேடும் பெண்ணுக்கு மற்றச் சமூகத்தின் வாசல் சில வேளை பாதுகாப்பான வாசலாகலாம். சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் மட்டக்களப்பில் தொண்ணூறுகளிலிருந்து, போர் நடந்த காலத்திலும், இப்படியொரு வாசலாக இருந்து காட்டியது. 1997இல் சென்ட்ரல் கேம்ப்பில் கொல்லப்பட்டவர் தமிழ்ப் பெண் என்பதால் அது நம்முடைய துக்கம் அன்று என்று முஸ்லிம் ஊர்களில் பலர் இருந்துவிட்டோம். அந்த மௌனமும் நம் கணக்கில்தான் இருக்கிறது.

2025 மார்ச் 10ஆம் திகதி இரவு அநுராதபுரம் போதனா வைத்தியசாலையில் ஒரு பெண் வைத்தியர் கத்திமுனையில் வல்லுறவுக்கு உள்ளானார். இரண்டு நாட்களுக்குள் நாடெங்கும் வைத்தியர்கள் பணிப்புறக்கணிப்பில் இறங்கினர். நோயாளர் பட்ட சிரமத்தை முன்வைத்து அந்த வழிமுறையில் குறை காணலாம். ஆனால் உயிரோடிருக்கும் ஒரு பெண்ணுக்காக, அவரை நம்பி, அவர் எங்களில் ஒருவர் என்று ஒரு முழுத் தொழிற்சங்கம் நின்றதை இந்நாடு அன்று கண்டது. மருதமுனையில் தறி நெய்பவளுக்கும், குவைத்தில் வீட்டுவேலை செய்துவிட்டுத் திரும்பியவளுக்கும், பதின்மூன்று வயதில் மத்ரஸாவுக்குப் போகும் பிள்ளைக்கும் அப்படியொரு சங்கம் இல்லை. அவர்களுக்குச் சங்கம் இந்த ஊர்தான்.

பத்திரிகைகளாகிய நாமும் கைகழுவ முடியாது. "கற்பழிப்பு" என்று எழுதி, அழிந்தது அவளுடைய ஏதோவொன்று என்று ஆண்டாண்டாக வாசகருக்குப் போதித்தோம். பெயரை மறைத்துவிட்டு ஊரையும் பாடசாலையையும் வாப்பாவின் தொழிலையும் எழுதினோம். தண்டனைச் சட்டக்கோவையின் 365சி பிரிவு 1995இலிருந்தே அடையாளத்தை வெளியிடுவதைத் தடை செய்கிறது. அந்தத் தடையின் எழுத்தை மட்டும் காத்து, அதன் நோக்கத்தை மீறியவர்கள் நாம். அந்தச் சொல்லும் அந்த வழக்கமும் இனி இந்தப் பக்கங்களில் வராது.

இறுதியாக, நீதிமன்றம். வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுபடுகின்றன. ஒவ்வொரு தவணைக்கும் அவள் கல்முனை நீதிமன்றத்துக்கு வர வேண்டும். எதிரியின் ஆட்கள் கூட்டமாக வருவார்கள்; அவள் உம்மாவோடு மட்டும் வருவாள். வாங்கில் இருக்கும் அவளை எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். இதை மாற்றச் சட்டத் திருத்தமும் வேண்டாம், நிதி ஒதுக்கீடும் வேண்டாம். மாதர் சங்கங்கள், கடன் குழுக்கள், பெண்களின் குர்ஆன் வகுப்புகள் ஒவ்வொன்றிலிருந்தும் தவணைக்கு இரண்டு மூன்று பேர் போய் அந்த வாங்கில் அவளோடு இருக்கட்டும். அபாயா அணிந்த ஏழெட்டுப் பெண்கள் வரிசையாக இருந்தால், அவர்களில் முறைப்பாட்டாளர் யார் என்று பார்ப்பவர் எவருக்கும் தெரியாது.