ஏழாவது பட்டம்

கடலலையின் மேல் பலகையை மிதக்கவிட்டு, அதில் ஏறி நின்று சவாரி செய்யும் ஒரு பெண்மணியைப் பற்றி எழுதப் போகிறோம் என்றதும், "இதில் நம் வீட்டாருக்கு என்ன இருக்கிறது?" என்று நேயர்கள் சிலர் கேட்கக்கூடும். நாம் சொல்லப் போவது வீட்டுக் கதைதான். நடந்த இடம் மட்டும் ஆஸ்திரேலியாவில், ஸிட்னி நகரத்து மான்லி கடற்கரை.

லேன் பீச்லி 1972-ம் வருஷம் மே மாதம் பிறந்தாள். பெற்றவளுக்கு அப்பொழுது வயது பதினேழு. குழந்தையை வேறொரு தம்பதிகள் ஸ்வீகாரம் எடுத்துக் கொண்டார்கள். லேனுக்கு ஆறு வயதாகும்போது வளர்த்த தாயாரும் காலமானாள். எட்டாவது வயதில், அவள் ஸ்வீகாரக் குழந்தை என்பதைத் தகப்பனார் சொன்னார். பெற்றவளே வேண்டாமென்று கொடுத்துவிட்ட தன்னிடம் யார் அன்பு செலுத்துவார்கள்? எதிலாவது உலகத்திலேயே முதலாவதாக வந்தால்தான் அன்புக்குப் பாத்திரமாகலாம் என்று அந்தச் சிறுமி தீர்மானித்தாள். இதை அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

அலைப் பந்தயத்தின் முறை எளிதானது. குறித்த நேரத்துக்குள் நல்ல அலைகளாகப் பார்த்து ஏறவேண்டும். ஒவ்வொரு சவாரிக்கும் நீதிபதிகள் பத்துக்கு இத்தனை என்று மார்க்குப் போடுவார்கள். நம் பரீக்ஷை மாதிரிதான். ஆனால் கேள்வித்தாளைத் தயாரிப்பது கடல்!

பதினாறாவது வயதில் லேன் பரிசுப் பணத்துக்கு ஆடும் பந்தயங்களில் இறங்கினாள். பெண்களுக்குக் கிடைத்த பணமோ சொற்பம். கிடைத்த வேலைகளையெல்லாம் பார்த்து, அந்தக் காசில் ஊர் ஊராகப் போய்ப் போட்டியிட்டாள். நடுவில் இரண்டு முறை தீராத சோர்வு நோய் வந்து படுக்கையில் தள்ளியது. பிறகு 1998-ல் உலகப் பட்டம் கிடைத்தது. 2003 வரையில் தொடர்ந்து ஆறு வருஷங்கள் அது அவர் கையை விட்டுப் போகவில்லை. ஆண்களிலும் அப்படி ஆறு முறை தொடர்ந்து வென்றவர் கிடையாது.

இந்த இடத்தில் நமக்கு வகுப்பு ஞாபகம் வருகிறது. எப்பொழுதும் முதலாவதாக வரும் பெண் ஒருத்தி இருப்பாள். எல்லோரும் அவளைப் புகழ்வோம். இரண்டாவதாக வந்த அன்று அவள் முகத்தைப் பார்த்தால்தான், இத்தனை நாளும் அவள் படித்தது ஆசையாலா, பயத்தாலா என்பது விளங்கும். நாமும் அதைக் காலதாமதமாகத்தான் பார்க்கக் கற்றுக்கொண்டோம்.

1999-ல் பீச்லி தம்மைப் பெற்ற தாயாரைச் சந்தித்தார். அதன் பிறகும் ஓட்டம் நிற்கவில்லை. மேலும் நான்கு பட்டங்கள் வந்தன. 2004-ல் பெரு தேசத்து ஸோபியா முலானோவிச்சிடம் பட்டம் போயிற்று. மறு வருஷமும் திரும்பவில்லை. 2006-ல், முப்பத்து நான்காவது வயதில், ஏழாவது முறை வென்றார். முதல் ஆறு பட்டங்களும் பயத்தினால் வந்தவை, ஏழாவதுதான் பிரியத்தினால் வந்தது என்று அவர் சொல்லுவதுண்டு.

அவர் நாட்டவரான ஸ்டெபனி கில்மோர் 2022-ல் எட்டாவது பட்டம் பெற்று அந்தக் கணக்கைத் தாண்டிவிட்டார். பரிசுப் பணத்தின் கதை என்னவென்றால், உலகப் பந்தயங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான தொகை என்று 2018-ல் அறிவித்து, 2019 முதல் கொடுக்கத் தொடங்கினார்கள். பீச்லி 2008-லேயே பந்தயத்தை விட்டிருந்தார்.