வரிக்கணக்கு

ரப்பர் பாலை லிட்டர் கணக்கில் வாங்கினால் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்க வேண்டிவரும். அதனால்தான் பாலில் உலர் ரப்பர் எத்தனை சதவீதம் என்று பார்த்து விலை போடுகிறார்கள். களியக்காவிளை வழியாக கேரள எல்லை கடந்து கழக்கூட்டம் டெக்னோபார்க்குக்குப் போகும் பிள்ளைகளின் மென்பொருள் தொழிலிலோ வெகுகாலம் லிட்டர் கணக்குதான் ஓடியது. எத்தனை ஆயிரம் வரி நிரல் எழுதினாய் என்பதே கேள்வி.

1982-இல் ஆப்பிள் நிறுவனத்தில் வாராவாரம் அந்தக் கணக்கைக் கேட்டார்கள். அங்கே நிரல் எழுதிவந்த பில் அட்கின்சன் ஒரு வாரம் நிரலின் ஒரு பகுதியைச் சுருக்கி, பல மடங்கு வேகமாக்கியிருந்தார். படிவத்தில் ‘மைனஸ் 2000’ என்று எழுதிக் கொடுத்தார். சில வாரங்களில் அவரிடம் படிவம் கேட்பதையே விட்டுவிட்டார்கள்.

அதற்கு முன்பே, 1976-இல், தாமஸ் மெக்கேப் என்பவர் வேறு வழி காட்டியிருந்தார். ஒரு நிரல் துண்டுக்குள் எத்தனை தனித்தனி வழிகள் கிளைக்கின்றன என்று எண்ணு. 10-ஐத் தாண்டினால் பிரித்து எழுது என்றார். மறு ஆண்டு ஹால்ஸ்டெட் என்பவர் நிரலில் உள்ள குறிகளை எண்ணும் சூத்திரங்களோடு வந்தார். அவற்றைவிட மெக்கேப்பின் எண்தான் இன்றும் அதிகம் புழங்குகிறது.

எண் ஏன் தேவைப்பட்டது? நிரலைப் படிக்காதவர் அதற்குப் பணம் கொடுக்கிறார் என்பதால். 1990-களில் பெங்களூர் மோட்டோரோலா பிரிவு, மென்பொருள் நிறுவனங்களுக்குச் சான்று தரும் ‘முதிர்ச்சி மாதிரி’யின் (CMM) உச்சமான ஐந்தாம் நிலையை எட்டியது. இந்திய நிறுவனங்களும் அதன் பின்னால் ஓடின. அந்தச் சான்று அளந்தது வேலைமுறையை, நிரலை அல்ல. கடல் கடந்த வாடிக்கையாளருக்கோ அதுவே தரத்தின் முத்திரை. குறை சொல்ல மாட்டேன். முகம் தெரியாத இருவருக்கு நடுவே வேறு எதை வைப்பது?

எண்ணுக்கு வேலை உண்டு என்பதற்கு, கார் தானாக வேகமெடுத்து நேர்ந்த விபத்து பற்றிய 2013 ஓக்லஹோமா வழக்கே போதும். டொயோட்டா காரின் வேகத்தை ஆளும் நிரலில் 67 துண்டுகள் மெக்கேப் கணக்கில் 50-ஐத் தாண்டியதாக மென்பொருள் வல்லுநர் மைக்கேல் பார் சாட்சியம் சொன்னார். தீர்ப்பு டொயோட்டாவுக்கு எதிராகப் போனது. ஆனால் 2011-இல் அதே நிறுவனத்தின் நிரலை ஆராய்ந்த நாசா, கார் தானாக வேகமெடுக்கக் காரணமான மின்னணுக் கோளாறு எதையும் கண்டுபிடிக்கவில்லை. எங்கே உற்றுப் பார்க்க வேண்டும் என்பதை எண் காட்டும். பார்ப்பது ஆள்தான்.

இப்போது எல்லா வரியையும் ஆள் எழுத வேண்டியதில்லை. கூகுளின் புதிய நிரலில் கால் பங்குக்கு மேல் செயற்கை நுண்ணறிவு எழுதுகிறது என்று 2024 அக்டோபரில் சுந்தர் பிச்சை சொன்னார். பொறியாளர்கள் பார்த்து ஏற்ற பிறகே அது சேர்கிறது என்பதையும் அதே மூச்சில் சொன்னார். ஊரெல்லாம் பேசியது முதல் பாதியைத்தான்.